குடைக்கம்பிப் பாய்மரம்

லஸ் முனையில் டிராம் கிறீச்சிட்டுத் திரும்பினால் ஷரஃபுதீன் தலை நிமிர மாட்டார். யாராவது எதையாவது துணியில் சுற்றி, பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு கடைப்படி ஏறினால் நிமிர்வார். சுற்றிய துணியை அவிழ்க்கும்வரை அவருக்குப் பொறுக்காது. தைத்துக்கொண்டிருக்கும் குடையை ஊசி நூலோடு வாடிக்கைக்காரர் மடியில் போட்டுவிட்டு எழுந்திருப்பார். வந்தவர் கையிலிருக்கும் பொம்மைக் கப்பலை இரண்டு உள்ளங்கைகளிலும் வாங்கி, முகத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். மூக்குப் பக்கமிருந்து ஒரு பார்வை. வால் பக்கமிருந்து ஒரு பார்வை. அப்புறம், தெருவில் போகிற ஜட்கா குதிரை காதை விடைத்துக்கொள்ளும்படி ஒரு "ஷாபாஷ்!"

"இன்னா நைனா இது! கப்பலா, கல்யாணப் பொண்ணா? இத்தினி நாளு என் கண்ணுல காட்டாம எங்க ஒளிச்சி வெச்சிருந்தே?"

கொண்டுவந்தவர் அதை முந்தாநாள்தான் காட்டியிருப்பார். அன்றைக்கும் இதே ஷாபாஷ்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது புதிதாக, அடிவயிற்றிலிருந்து வரும். கேட்டவர் படி இறங்கும்போது இரண்டு அங்குலம் வளர்ந்துதான் இறங்குவார்.

கடையின் அகலம், ஒரு பெரிய குடையை விரித்தால் முடிந்தது. உத்தரத்தில் கறுப்புக் குடைகள் வௌவால்கள் மாதிரி தொங்கும். அவற்றுக்கு நடுவே அவர் கட்டிய கப்பல்களும் கவிழ்ந்து தொங்கும். முருங்கை மரத்தைக் குடைந்த உடல், பழைய குடைத்துணியில் பாய். அவர் கட்டியவற்றில் சரிபாதிக்கு மேல் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. அதைப் பற்றி அவருக்கு வருத்தமே கிடையாது. மூழ்கிய கப்பல்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். எது எப்படிச் சாய்ந்தது, எந்தப் பக்கம் தண்ணீர் குடித்தது என்று கையை ஆட்டி விவரிக்கும்போது, மழைக்கு ஒதுங்கியவர்கள் மழை விட்டபிறகும் நின்றுவிடுவார்கள். குடை வாங்காமல் போய்விடுவார்கள்.

"கடையில குடைக்குத் துணி கிடையாது. கப்பலுக்குக் கீது" என்பார் அவர் மனைவி வஜீஹா. வீட்டில் அவர் பேசுவது உருது. கணவரைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ். ஆனால் பாய்களுக்கு ஓரம் அடித்துத் தருவதும் அவர்தான். அவர் ஓரம் அடித்த பாய் எந்தக் காற்றிலும் கிழிந்ததில்லை.

மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலுமாக இப்படிக் கப்பல் கட்டுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். ஒருவரும் நிஜக் கப்பலில் ஏறியவர் இல்லை. துறைமுகத்துக்குப் போய், கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தவர்கள். முன்பெல்லாம் மாம்பலத்து ஏரியில் விடுவார்கள். ஏரி வீட்டுமனை ஆனபிறகு அடையாற்று முகத்துவாரத்துக்கு வந்துவிட்டார்கள். கோடையில் மணல்மேடு ஆற்றின் வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் குளம்போல நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கடல்காற்று கிளம்பியதும் ஒவ்வொருவராக வந்து சேருவார்கள்.

ஷரஃபுதீனிடம் யோசனை கேட்டால் முதலில் பாராட்டு கிடைக்கும், அடுத்து ஒரு சாமான் கிடைக்கும். கடைக்குள் குனிந்து, பழைய இரும்புகள் போட்டுவைத்திருக்கும் தகரப் பெட்டியைக் குடைந்து, எதையாவது எடுத்து நீட்டுவார். "இத்த வை. சோக்கா இர்க்கும்." இதுதான் அவருடைய யோசனை. 'வை' என்று சொல்வார். 'எடு' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

எடு, குறை, இழை, மறுபடி செய் என்று சொல்வதற்கு ஸ்ரீனிவாசராகவன் இருந்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்கு அளவுகோல். அவர் ஒரு கப்பலைக் கையில் வாங்கினால் கட்டியவருக்கு வியர்க்கும். ராயப்பேட்டையிலிருந்து வந்த ஒரு கம்பவுண்டர் ஆசையாகக் கொண்டுவந்து காட்டிய முதல் கப்பலைப் பார்த்து, "இது கப்பல் இல்லை, பீரோ. பூட்டு போட்டால் துணி வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டார். கம்பவுண்டர் அதற்கப்புறம் வரவில்லை.

அன்றைக்கு ஷரஃபுதீனுக்கு வந்த கோபம் முகத்துவாரம் முழுவதும் கேட்டது.

"வாத்தியாரே, ஒரு ஆளு ஆசையா செஞ்சிக்கினு வர்றான். அவன் மூஞ்சியில இப்பிடியா தண்ணி ஊத்துவே? கிச்சா அய்ரு கப்பலு முடியப் போவுது. அது தண்ணியில எறங்கற வரைக்கும் நீ வாயத் தொறக்கப்படாது. ஆமா!"

ராகவன் அளவுகோலை மடக்கிப் பையில் போட்டார். "சரி. திறக்கலை. அப்பறம் என்னை வந்து கேக்கப்படாது."

கிச்சா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. எதையும் ஆர்வமாக ஆரம்பிப்பார். ஃபிடில் கீதம் வரைக்கும் வந்தது. போட்டோ பெட்டி வாங்கினார்; தலை இல்லாத படங்கள் கொஞ்சம் எடுத்தார். ஹோமியோபதி புஸ்தகம் 'ஜலதோஷம்' என்ற அத்தியாயத்தில் நின்றது. "எங்காத்துப் பரண் பூரா இவரோட பாதிகள்தான். முழுசா ஒண்ணு இறங்கினா ஊரைக் கூட்டி வடை பாயசம் போடறேன்" என்பாள் அவர் மனைவி ஜானு. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கிச்சாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு அவர் கண்வரைக்கும் போகாது என்பதை ஷரஃபுதீன் கவனித்திருந்தார்.

கப்பல் மட்டும் நிற்கவில்லை. ஏதோ கப்பல் கம்பெனிக் காலண்டரில் பார்த்த மூன்று பாய்மரக் கப்பல். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் லஸ்ஸில் இறங்கி, அன்றைக்கு எதுவரை வந்தது என்று சொல்லாமல் கிச்சா வீட்டுக்குப் போகமாட்டார். சொல்லச் சொல்ல ஷரஃபுதீனுக்குக் கை பரபரக்கும். பாய்மரத்துக்கு மூங்கில் தேடிக்கொண்டிருந்தவரிடம் சீமைக் குடைகளின் உருக்குத் தண்டுகளை நீட்டினார். "மூங்கிலு காத்துல ஒடிஞ்சிடும் அய்ரே. இது ஒடியுமா பாரு!" பாய்களை விரித்துப் பிடிக்கக் குடைக்கம்பிகள். பாய்மரங்களின் உச்சிக்குப் பித்தளைக் குமிழ்கள். குடை நுனியில் போடும் பித்தளைப் பூண்கள் மேல்தளத்தில் வரிசையாகப் பீரங்கிகள் ஆயின.

"பாய், கொஞ்சம் கனமாப் போறதோன்னு..." என்று கிச்சா ஒருநாள் இழுத்தார்.

"கப்பலுன்னா கனமாத்தான் இர்க்கும். பட்டமா இது?"

புதுக் கப்பல் எதுவானாலும் முதலில் யார் வீட்டு அண்டாவிலாவது தண்ணீர் நிரப்பி மிதக்கவிட்டு, பாய்மரத்தை ஒரு விரலால் சாய்த்துப் பார்ப்பார்கள். தானாக நிமிர்ந்தால்தான் முகத்துவாரத்துக்கு வரலாம். கிச்சாவின் கப்பல் எந்த அண்டாவுக்கும் அடங்கவில்லை. மூக்கு மட்டும் நனைந்தது. கல்யாணக் கூடத்து அண்டா ஒன்றை ஒருநாளைக்குக் கேட்டு வாங்கலாமா என்று கிச்சா யோசித்தார்.

"அண்டாவுல போட்டுப் பாக்கறதுக்கு அது இன்னா உருளைக்கெழங்கா? ராஜா மாரி நேரா ஞாயித்துக்கெழம எறக்கு அய்ரே!"

கிச்சா ஒரு படி இறங்கிவிட்டுத் திரும்பினார். "பாய், உம்மகிட்ட மட்டும் சொல்றேன். இது ஓடலைன்னா உளி, அரம், வாள் எல்லாத்தையும் இங்கே கொண்டுவந்து போட்டுடுவேன். இனிமே எதையும் தொடமாட்டேன். பரண்ல இடம் இல்லை."

"ஓடும்" என்றார் ஷரஃபுதீன். "சமுத்திரத்துல வுட்டாக்கூட ஓடும்."

ஞாயிற்றுக்கிழமை. காற்று நன்றாகக் கிளம்பிவிட்டது. எல்ஃபின்ஸ்டன் பாலத்துப் பக்கமிருந்து ஜட்கா ஒன்று மணலில் புதைந்து புதைந்து வந்து நின்றது. கிச்சா முதலில் இறங்கினார். பட்டுக்கரை வேஷ்டி. தன் மடியிலிருந்த கப்பலை ஜானு பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவள் வண்டியிலேயே இருந்தாள். ஆனால் வண்டியை முழுக்கத் திருப்பித் தண்ணீரைப் பார்க்க நிறுத்தச் சொன்னாள்.

துணி விலகியதும் கரையில் இருந்தவர்கள் எல்லாரும் நெருங்கி வந்தார்கள். அரக்குச் சிவப்பில் உடல். மேல்தளம் தேக்கு; முகம் தெரிகிற மெருகு. மூன்று பாய்மரங்களும் வெயிலில் மின்னின. உச்சியில் குமிழ்கள் குட்டிக் கோபுரக் கலசங்கள்போல இருந்தன. வஜீஹா ஓரம் அடித்த பாய்கள் இப்போதே விடைத்துக்கொண்டு காற்றைக் கேட்டன.

ஷரஃபுதீன் ஓடிவந்தார். உள்ளங்கைகளில் வாங்கினார். முகத்துக்கு நேராகத் தூக்கினார்.

"ஷா..."

மீதி வரவில்லை.

கப்பல் கையில் புரண்டது. தூக்கத்தில் பிள்ளையின் தலை தோளிலிருந்து சரிவதுபோல, பாரமாக, ஒரு பக்கமாக. அவர் நிமிர்த்தினார். அந்தப் பக்கம் சரிந்தது. இருபது வருஷமாக ஒவ்வொரு குடையையும் கையில் வைத்து ஆட்டிப் பார்த்து விற்கிறவர். எதன் கனம் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அவருடைய கைக்குத் தெரிந்துவிடும். தகரப் பெட்டி கொஞ்ச நாளாகக் காலியாகக் கிடப்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. பெட்டியில் இருந்ததெல்லாம் இங்கே, மேலே, பாய்மரத்தில் இருந்தது.

"என்ன பாய், பேசாம நிக்கறீர்?" என்றார் கிச்சா. முகமெல்லாம் சிரிப்பு.

ஷரஃபுதீன் ராகவனைப் பார்த்தார். ராகவன் வானத்தில் ஏதோ ஒரு பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷரஃபுதீன் கப்பலோடு அவர் பக்கத்தில் போய் மெல்லிய குரலில் கேட்டார்.

"வாத்தியாரே, ஒரு வார்த்தை."

"நான் வாயைத் திறக்கப்படாது."

"இப்ப தொறயேன்."

"தண்ணில இறங்கற வரைக்கும்னு சொன்னீர். இன்னும் இறங்கலையே."

"அய்ய! இந்த நேரத்துல சட்டம் பேசறியே!"

இறக்கிவிட்டால் முதலில் கொஞ்ச தூரம் போகும். கரை மறைவைத் தாண்டியதும் காற்று பாயில் அறையும். மூன்று பாய்மரமும் தண்ணீரில் படுத்துக்கொள்ளும். கிச்சாதான் எல்லாருக்கும் முன்னால் சிரிப்பார். சிரித்துக்கொண்டே துணியில் சுற்றி வண்டியில் வைப்பார். அதன்பிறகு ஆபீஸ் விட்டால் லஸ்ஸில் இறங்கமாட்டார். டிராமிலிருந்தபடியே கடையைப் பார்க்காமல் போவார். இது அத்தனையும் ஷரஃபுதீனுக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. நல்ல வார்த்தையாக ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். கிடைக்கவில்லை.

"அய்ரே" என்றார். "இது கவுந்துடும்."

கிச்சா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "விளையாடாதீர்."

"வெளையாடல. மேல கனம் ஜாஸ்தி. எல்லாம் நான் குடுத்த கனம்."

ராகவன் பருந்தை விட்டுவிட்டுத் திரும்பினார். ஷரஃபுதீன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதே இல்லை.

கிச்சாவின் முகம் மாறியது. நடுப் பாய்மரத்தில் கை வைத்தார். "இதை வெச்சபோது என்ன சொன்னீர்? ஜோர்னீர். இந்தக் குமிழ்? ராஜான்னீர். நான் கேட்டேனே ஓய், கனமாப் போறதான்னு கேட்டேனே! வண்டியில அவளைக் கூட்டிண்டு வந்தப்பறம் சொல்றீரே!" பாய்மரத்தை இறுக்கிப் பிடித்தார். "எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடட்டுமா?"

பிடுங்கினால் உடல் பிளந்துவிடும். தாரும் அரக்கும் ஊற்றி அடிவரை இறக்கிய தண்டுகள்.

"ஐயையோ, புடுங்காதே!" ஷரஃபுதீன் கப்பலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "எதையும் எடுக்காதே. எதுக்கு எடுக்கணும்? கீழயும் வைப்போம்!" சொன்னபிறகுதான் தான் சொன்னது அவருக்கே விளங்கியது. கண் பெரிதானது. "மேல எத்தினி கனமோ, கீழ அத்த முழுங்கற மாரி வெச்சிட்டா? வாத்தியாரே! சட்டம் கெடக்கட்டும், தொற வாய!"

"ஈயம்" என்றார் ராகவன். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. "அடிவயித்துல ஈயம். நடுவுல, நீளவாட்டத்துல. மேல்தளத்தை அறுத்துத்தான் உள்ளே போடணும். போன மாசமே நான்..."

"போன மாசத்த அப்பால பேசு. ஈயத்துக்கு எங்கப் போறது?"

மூன்று பேரும் ஒரே சமயத்தில் மணல்மேட்டின் பக்கம் திரும்பினார்கள். ஊரூர் குப்பத்துக்காரர் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்தார். வலையின் ஓரம் முழுக்க ஈயக் குண்டுகள் கலகலத்தன.

ஷரஃபுதீன் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"நைனா! அந்தக் குண்டு கொஞ்சம் குடு நைனா!"

"வலைய அவுத்துக் குடுத்துட்டு நான் இன்னாத்த அள்றது? மண்ணா?"

"புதுக் குடை தர்றேன். பெரிய குடை. லஸ்ல கட கீது."

"ஒரு கையில குடையப் புட்சிக்கினு ஒரு கையில வல வீசறதா? நல்லாக் கீதே கத!" அவர் சிரித்தார். பிறகு கரையில் பித்துப் பிடித்தவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்த கூட்டத்தையும், நடுவில் மின்னிய கப்பலையும் பார்த்தார். "அது இன்னா, ஓடுமா?"

"நீ குண்டு குடுத்தா ஓடும்."

"கட்டுமரத்தாண்ட ஒரு கீஞ்ச வல கீது. அதுல அறுத்துக்கோ. ஓடலைன்னா திருப்பிக் குடுத்துடணும்."

ஷரஃபுதீன் இரண்டு கைகளிலும் ஈயத்தை அள்ளிக்கொண்டு திரும்பியபோது, கிச்சா மணலில் உட்கார்ந்திருந்தார். மடியில் கப்பல். ராகவன் அளவுகோலால் மேல்தளத்தில் கோடு போட்டு முடித்திருந்தார். ஷரஃபுதீனின் குடை ரிப்பேர்ப் பையிலிருந்த சின்ன வாள் கிச்சாவின் கையில் இருந்தது. ஆனால் அது அசையவில்லை. அந்தத் தேக்கில் தன் முகமே தெரிய மெருகு போட்டவர் அவர்.

"நான் அறுக்கட்டா அய்ரே?" என்று ஷரஃபுதீன் மெதுவாகக் கேட்டார்.

கிச்சா தலையை ஆட்டினார். வேண்டாம் என்றா, முடியாது என்றா என்று தெரியவில்லை.

வண்டியிலிருந்து ஜானுவின் குரல் வந்தது. "ஏன்னா, எதுக்கு யோசிச்சிண்டு இருக்கேள்? அறுங்கோ. இத்தனை நாளும் அறுக்கற சத்தத்துலதானே தூங்கினேன். இன்னும் ஒரு தடவை கேட்டா என் காது செவிடாயிடாது."

கிச்சா நிமிர்ந்து பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து, வண்டியின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் அறுத்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஒரே கூச்சல். "இன்னும் ரெண்டு போடு!" "போறும், போறும், ஓய்!" "பின்பக்கம் தள்ளு!" "குலுங்கப்படாது, துணி அடையும்!" ரிப்பேர்ப் பையில் கிடந்த, வஜீஹா தைத்த பாயில் மிஞ்சிய துணித்துண்டு உள்ளே போயிற்று. அறுத்த பலகையை மறுபடி பொருத்தியபோது சுற்றிலும் விரல் நுனி நுழையும் இடுக்கு. மெழுகு வேண்டும். மெழுகுக்கு எங்கே போவது என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஜானு எட்டி ஜட்கா விளக்கைத் திறந்து மெழுகுவத்தியைப் பிடுங்கிவிட்டாள்.

"அம்மா! வெளக்கு இல்லாம போனா போலீசுகாரன் புடிப்பான்!" என்று வண்டிக்காரர் அலறினார்.

"பிடிச்சா நான் பேசிக்கறேன். நெருப்புப் பெட்டி இருக்கா?"

மெழுகு உருகி, இடுக்கில் இறங்கி, வெள்ளையாக உறைந்தது. மெருகு போட்ட மேல்தளத்தின் நடுவே ஒரு பெரிய தையல் போட்ட தழும்பு. கிச்சா அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். எழுந்து, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் இறங்கிக் கப்பலை வைத்தார். விட்டார்.

கப்பல் ஆழமாக உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் எதற்கோ காத்திருப்பதுபோல நின்றது. பிறகு பாய்கள் உப்பின. நகர்ந்தது. கரை மறைவைத் தாண்டியதும் கடல்காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. மூன்று பாய்மரங்களும் சாய்ந்தன, இன்னும் சாய்ந்தன, பித்தளைக் குமிழ் ஒன்று தண்ணீரைத் தொட்டது. ராகவன் கையிலிருந்த அளவுகோல் கீழே விழுந்தது. கிச்சா கண்ணை மூடிக்கொண்டார்.

கப்பல் நிமிர்ந்தது. குமிழிலிருந்து நீர் சொட்ட, நோயிலிருந்து எழுந்தவர் மாதிரி மெதுவாக, ஆனால் நேராக நிமிர்ந்து, மூக்கால் அலையைப் பிளந்துகொண்டு கிளம்பியது.

"போறதுன்னா! போறது!" ஜானு வண்டியிலேயே எழுந்து நின்றுவிட்டாள். மணல்மேட்டிலிருந்து வலைக்காரர் "ஹோய்!" என்று கத்தினார். கிச்சா கண்ணைத் திறந்தார்.

முதலில் அவர் கண்ணில் பட்டது கப்பல் இல்லை, ஷரஃபுதீன்தான். எப்போது இறங்கினார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில், சட்டையோடு, கப்பலை ஒட்டி நடந்துகொண்டிருந்தார். அவருடைய இரண்டு கைகளும் கப்பலின் இரண்டு பக்கமும், ஒரு விரல் இடைவெளி விட்டு, விரித்தபடி கூடவே போயின.

"பாய்!" கிச்சா போட்ட சத்தத்தில் குதிரை மிரண்டது. "கையை எடும் ஓய்! தொடாதீர்! அது தானாப் போகும்!"

ஷரஃபுதீன் திடுக்கிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். தூக்கியவர் நிற்கவில்லை. நீர் நெஞ்சுவரை ஏற, லுங்கி பின்னால் மிதக்க, கைகளை உயரத் தூக்கியபடியே, கண்ணை எடுக்காமல், கப்பலோடு அக்கரை நோக்கி நடந்தார்.